சுன்னாகம் நிலத்தடி நீர் வழக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுன்னாகத்தில் கழிவு எண்ணெயால் கிணறுகள் மாசடைந்ததை ஒட்டி எழுந்த வழக்கு. நிறுவனக் குற்றத்துக்கு மக்கள் தாமே தண்டனை கொடுக்கலாமா என்ற அறக் கேள்விக்கும் உதாரணமாகிறது.

ஆண்டு முழுதும் ஓடும் ஆறில்லாத குடாநாட்டுக்குச் சுண்ணக்கல் அடுக்கில் தேங்கும் மழைநீரே ஆதாரம். கல்லின் வெடிப்புகள் வழியே மாசும் பரவும். கிணற்று நீரில் எண்ணெய் மிதந்தபோது சந்தேகம் அங்கிருந்த அனல் மின்நிலையத்தின் மீது விழுந்தது. ஆலையை உடைக்கும் கோபத்துக்குக் காரணம் இருந்தது, ஆனால் மக்கள் போராட்டத்தையும் நீதிமன்றத்தையுமே நாடினர். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டின்படி, அந்த மின்நிலையத்தை நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்தப் பணித்தது. பாழான கிணறுகளை எண்ணினால் தொகை சிறிது.

தானே நீதி வழங்குவதை ஆதரிப்போர், அரசும் கண்காணிப்பு அமைப்புகளும் தூங்கும்போது வேறு வழியில்லை என்பர். இந்த வாதத்தை யாழ்ப்பாணம் ஏற்கெனவே பார்த்துவிட்டது. 1980களில் ஆயுதமேந்திய தமிழ் இயக்கங்கள் திருடர், காட்டிக்கொடுத்தோர் எனக் குற்றஞ்சாட்டப்பட்டோரைச் சுட்டு மின்கம்பங்களில் கட்டின. சாட்சியும் இல்லை, மேன்முறையீடும் இல்லை. நிறுவனத்தின் விடயத்தில் சிக்கல் இன்னும் கூடும்: முடிவெடுத்தவர் கொழும்பில் இருப்பார், கல்லெறி வாயிற்காவலாளி மேல்தான் விழும். மறியலும் உண்ணாவிரதமும் தானே நீதி வழங்குவதில் சேரா. அவை தண்டிப்பதில்லை, தண்டிக்க வேண்டியவரைச் செயற்பட வைக்கின்றன. எந்தப் பொருள் நீருக்குள் கலந்தது என்பதை ஆய்வுகூடமே சொல்ல முடியும். கும்பலிடம் அந்தக் கருவி இல்லை.