தாகத்துக்கு அளவு வைத்தவர்கள்

குடத்தை இடுப்பில் வைத்து வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுவருவது பெண்ணின் வேலை என்பதை நம் ஊர்களில் யாரும் விவாதித்ததில்லை. எத்தனை குடம், எவ்வளவு தூரம், எந்த நேரம் என்பதையெல்லாம் அவளே பார்த்துக்கொள்வாள் என்று விட்டுவிடுவார்கள். அதே பெண் தன் மகிழ்ச்சிக்காக முப்பது, நாற்பது கிலோமீட்டர் ஓடக் கிளம்பினால் நிலைமை மாறுகிறது. அவள் எவ்வளவு குடிக்க வேண்டும், எதில் எடுத்துச் செல்ல வேண்டும் என்று சொல்லப் பலர் வந்துவிடுகிறார்கள்.

நெடுந்தொலைவு ஓடுபவர் தண்ணீர் எடுத்துச் செல்ல இன்று சில வழிகள் இருக்கின்றன. கையில் ஒரு பாட்டில், இடுப்பைச் சுற்றிய பட்டையில் சின்னச் சின்ன பாட்டில்கள், உடம்போடு ஒட்டி நிற்கும் வெஸ்ட். இவை எதுவும் வேண்டாம் என்றால் வழியில் கிடைப்பதை நம்பி வெறுங்கையோடு ஓடலாம். எதை எடுப்பது என்பது கடையில் முடிகிற கேள்வி போலத் தோன்றும். ஆனால் அதற்குப் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஓடும் உடலின் தாகத்தை யார் அளந்தார்கள், எந்த உடலை வைத்து அளந்தார்கள் என்கிற வரலாறு அது.

தொடக்கத்தில் ஆண்களுக்கும் தண்ணீர் மறுக்கப்பட்டது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மாரத்தானில் கடும் வெயில், புழுதிச் சாலை. வழி நெடுகத் தண்ணீர் கிடைத்தது இரண்டே இடங்களில்தான். போட்டியை நடத்திய ஜேம்ஸ் சல்லிவன், தண்ணீர் இல்லாமல் உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க விரும்பினார். 32 பேர் ஓடத் தொடங்கினார்கள், 14 பேர்தான் முடித்தார்கள். வென்ற தாமஸ் ஹிக்ஸ் தண்ணீர் கேட்டார். உடன்வந்த உதவியாளர்கள் தண்ணீருக்குப் பதிலாக முட்டை வெள்ளைக்கருவில் ஸ்ட்ரிக்னைன் என்ற நச்சு மருந்தைக் கலந்து கொடுத்தார்கள். 1908இல் லண்டனில் இத்தாலியின் டொராண்டோ பியெட்ரி மைதானத்துக்குள் முதலாவதாக வந்து பலமுறை விழுந்தார். அதிகாரிகள் தாங்கிப் பிடித்து எல்லைக் கோட்டைக் கடக்க வைத்ததால் தகுதியிழந்தார். ஆனால் ராணி அலெக்சாண்ட்ரா அவருக்கு வெள்ளிக் கோப்பை பரிசளித்தார். உலகம் அவரை வீரராகக் கொண்டாடியது. ஆண்கள் விழுந்ததற்காக மாரத்தானை ஆண்களிடமிருந்து யாரும் பறிக்கவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே வென்றார். ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துத் தரையில் அமர்ந்தார்கள், படுத்தார்கள். முழு வேகத்தில் 800 மீட்டர் ஓடிய எவரும் செய்வதுதான். செய்தித்தாள்கள் அதைப் பெண்கள் கொத்துக்கொத்தாகச் சுருண்டு விழுந்த காட்சியாக ஊதிப் பெருக்கின. விளைவாக 1960 வரை ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் ஓட்டமே இல்லை. ஒரே களைப்பு, ஆணுக்குக் கோப்பையாகவும் பெண்ணுக்குத் தடையாகவும் ஆனது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலும் தண்ணீர் பற்றிய எண்ணம் பெரிதாக மாறவில்லை. 1950களின் சர்வதேசத் தடகள விதிப்படி மாரத்தானில் முதல் 15 கிலோமீட்டருக்குப் பிறகுதான் பானம் கிடைக்கும். போட்டி நடத்துபவர் தருவதைத் தவிர வேறெதையும் ஓடுபவர் எடுத்துச் செல்லக் கூடாது. அதாவது, கையில் ஒரு பாட்டிலோடு ஓடுவதே விதிமீறல். ஓடும்போது தண்ணீர் குடித்தால் வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் என்றும், குடிக்காமல் ஓடுவதுதான் திடம் என்றும் பலர் நம்பினார்கள்.

இந்தச் சூழலில்தான் 1966இல் பாபி கிப் பாஸ்டன் மாரத்தானுக்கு விண்ணப்பித்தார். பெண்ணின் உடல் அவ்வளவு தூரத்துக்குத் தகுதியற்றது என்று பதில் வந்தது. அவர் தொடக்கக் கோட்டின் அருகே புதரில் மறைந்திருந்து, சகோதரரின் அரைக்கால் சட்டையோடு கூட்டத்தில் கலந்து ஓடினார். 3 மணி 21 நிமிடம் 40 விநாடிகளில் முடித்தார். ஓடியவர்களில் பெரும்பாலான ஆண்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தார்கள். ஆனால் வழியில் அவர் தண்ணீர் குடிக்கவில்லை, குடித்தால் தசை பிடித்துக்கொள்ளும் என்று அவருக்கும் சொல்லப்பட்டிருந்தது. பெண் ஓடக் கூடாது என்ற விதியை மீறியவருக்கு, ஓடுகிறவர் குடிக்கக் கூடாது என்ற அறிவுரையை மீறத் தோன்றவில்லை. முதல் தடை வெளியே, காகிதத்தில் இருந்தது. இரண்டாவது மருத்துவ உண்மை போல உடம்புக்குள்ளேயே குடியேறியிருந்தது.

பெண்களுக்கான முதல் ஒலிம்பிக் மாரத்தான் நடக்க 1984 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஆகஸ்ட் 5 அன்று அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 விநாடிகளில் வென்றார். எனினும் அந்த நாளின் படமாக உலகம் நினைவில் வைத்திருப்பது சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சன்-ஷீஸை. 39 வயதான அவர் வழியில் கடைசித் தண்ணீர் மேசையைத் தவறவிட்டார். மைதானத்துக்குள் வந்தபோது உடல் ஒரு பக்கம் வளைந்து, கை ஆடாமல் தொங்கியது. கடைசி ஒரு சுற்றுக்கு ஐந்து நிமிடங்களுக்கு மேல் பிடித்தது. மருத்துவர்கள் அருகே வந்தபோது விலகிப் போனார். தொட்டால் தகுதியிழப்பார் என்பது விதி. அவருக்கு வியர்ப்பதைக் கண்ட மருத்துவர்கள் ஓடவிட்டார்கள். 37ஆவதாக முடித்தார்.

ஒரு தண்ணீர் மேசை தவறிப்போனதை, பெண்ணுடல் தவறிப்போனதாகப் படிக்க அன்றும் ஆளிருந்தது. ஆனால் இம்முறை 1928 திரும்பவில்லை. மாற்றப்பட்டது விதிதான். மருத்துவர் தொட்டுப் பரிசோதித்தாலே தகுதியிழப்பு என்ற நிலை பின்னர் நீக்கப்பட்டது.

இதற்குள் அறிவுரை நேர் எதிராகத் திரும்பியிருந்தது. குடிக்காதே என்றவர்கள், தாகம் எடுக்கும் வரை காத்திருக்காதே, குடித்துக்கொண்டே இரு என்றார்கள். 1996இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரியின் வழிகாட்டுதல், வியர்வையில் இழந்த அளவு முழுவதையும் ஈடுசெய்யவோ, வயிறு தாங்கும் அதிகபட்ச அளவோ குடிக்கச் சொன்னது. தண்ணீரைச் சுமக்கும் கருவிகளும் அதற்கேற்பப் பெருகின. 1980களின் இறுதியில் டெக்சாஸில் ஒரு நீண்ட சைக்கிள் போட்டியில், மைக்கேல் ஐட்சன் என்ற அவசர மருத்துவ உதவியாளர் குளுக்கோஸ் ஏற்றும் பையில் தண்ணீர் நிரப்பி, அதை ஒரு காலுறைக்குள் திணித்து முதுகில் வைத்துக்கொண்டார். குழாய் வழியாக உறிஞ்சிக் குடித்தார். அதிலிருந்துதான் கேமல்பேக் பிறந்தது. கையை நீட்டாமலே குடிக்க முடிந்தது. எவ்வளவு குடித்தோம் என்று கண்ணுக்குத் தெரியாமலும் போனது.

அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகிறது. மூளை வீங்குகிறது. தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்பு என்று போய் மரணம் வரை கொண்டுசெல்லும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே போட்டியில் ஓடிய 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆய்வு 2005இல் வெளியானது. மொத்தத்தில் 13 சதவீதத்தினருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஆண்களில் 8 சதவீதம், பெண்களில் 22 சதவீதம்.

இந்த எண்ணை மேலோட்டமாகப் பார்த்தால், பெண்ணுடல் பலவீனமானது என்ற பழைய கதை புது உடையில் வந்து நிற்கும். ஆய்வு சொல்வது அதுவல்ல. ஓடும்போது எடை கூடியதா, ஓடி முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, உயரத்துக்கேற்ற உடல் எடை எவ்வளவு என்பவற்றைக் கணக்கில் எடுத்தபோது, பெண் என்பது தனிக் காரணமாக நிற்கவில்லை. சிறிய உடலில் நீரின் மொத்த அளவே குறைவு. மெதுவாக ஓடுபவருக்கு வியர்வை குறைவு, வழியில் குடிக்கும் நேரமும் வாய்ப்பும் அதிகம். பெரிய உடலோடு வேகமாக ஓடும் ஒருவருக்குப் பொருந்தும் அளவை, ஐம்பது கிலோ எடையோடு ஐந்து மணி நேரம் ஓடும் பெண்ணுக்கும் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. 2007இல் அந்த வழிகாட்டுதல் திருத்தப்பட்டது. எல்லோருக்கும் ஒரே அளவு இல்லை, இழந்ததற்கு மேல் குடிக்காதீர்கள் என்று அது சொன்னது.

கருவிகளின் வரலாறும் இதே பாதைதான். 1977இல் அமெரிக்காவின் வெர்மாண்ட்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் என்ற மூன்று பெண்கள், ஆண் விளையாட்டு வீரர்கள் அணியும் உள்ளாடை இரண்டைச் சேர்த்துத் தைத்து முதல் விளையாட்டு பிராவை உருவாக்கினார்கள். அதுவரை ஓடும் பெண்ணின் மார்பு தொழிற்சாலைகளின் கணக்கில் இல்லை. தண்ணீர் வெஸ்ட்டிலும் அதே சிக்கல் உண்டு. தட்டையான மார்பை வைத்து வெட்டப்பட்ட வெஸ்ட்டில் முன்பக்க பாட்டில்கள் பெண்ணின் மார்பை அழுத்தும், இல்லாவிட்டால் குலுங்கித் தோலை உரசும். இடுப்புப் பட்டை சிலருக்கு வசதி. மாதவிடாய் நாளில் அடிவயிற்றை இறுக்கினால் அதுவே தண்டனை. பெண்களுக்கென்று தனியாக வெட்டிய வெஸ்ட்டுகள் இப்போது கிடைக்கின்றன, ஆனால் விலை எல்லோருக்கும் எட்டுவதில்லை.

2017இல் மெக்சிகோவில் ரராமுரி பழங்குடியைச் சேர்ந்த லோரேனா ராமிரெஸ் பாவாடையும் செருப்புமாக, ஒரு தண்ணீர் பாட்டிலோடு 50 கிலோமீட்டர் மலை ஓட்டத்தை வென்றார். செய்தி உலகெங்கும் பரவியது. கருவி இல்லாவிட்டாலும் முடியும் என்பதற்கு அது சாட்சிதான். ஆனால் அதைச் சொல்லிக்கொண்டே, வசதி கேட்கும் பெண்ணைப் பார்த்து ‘உனக்கு மட்டும் எதற்கு இதெல்லாம்’ என்று கேட்பதற்கு அவரைப் பயன்படுத்துவது அநியாயம்.

இனி நமக்கு நெருக்கமான ஒரு நிகழ்வு. 2016 ரியோ ஒலிம்பிக். கேரளத்தின் ஓ.பி. ஜெய்ஷா, முந்தைய ஆண்டு பெய்ஜிங் உலகப் போட்டியில் 2 மணி 34 நிமிடம் 43 விநாடிகளில் ஓடி தேசிய சாதனை படைத்தவர். ரியோவில் 2 மணி 47 நிமிடம் 19 விநாடிகளில் 89ஆவதாக முடித்து, எல்லைக் கோட்டைக் கடந்ததும் மயங்கி விழுந்தார். மற்ற நாடுகள் தங்கள் வீராங்கனைகளுக்குப் பானம் வைத்திருந்த மேசைகளில் இந்தியாவின் இடம் காலியாக இருந்தது என்று அவர் சொன்னார். இந்தியத் தடகளக் கூட்டமைப்பு மறுத்தது. தனிப் பானம் வேண்டுமா என்று கேட்டபோது அவரும் பயிற்சியாளரும் வேண்டாம் என்றார்கள் என்றது. தன்னிடம் யாரும் கேட்கவில்லை என்றார் ஜெய்ஷா. விளையாட்டு அமைச்சகம் விசாரணைக் குழு அமைத்தது.

நாட்டின் வேகமான பெண் மாரத்தான் ஓட்டக்காரரின் தாகம், ‘அவருக்கு வேண்டாமாம்’ என்ற வாக்கியமாக மாறி விவாதிக்கப்பட்டது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது. ஓடுபவர் பானத்தைத் தொடக்கத்திலிருந்தே கையிலோ உடலிலோ எடுத்துச் செல்ல இன்றைய சர்வதேச விதி அனுமதிக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஒவ்வொரு விநாடிக்கும் போராடும் வீராங்கனை அதைச் சுமந்து ஓட முடியாது. மேசை இருந்தாக வேண்டும், அதில் அவர் கேட்டது இருந்தாக வேண்டும். தன் தண்ணீரைத் தானே எடுத்துச் செல்வது சுதந்திரம்தான். எல்லாவற்றையும் அவளே சுமந்துகொள்ளட்டும் என்று அமைப்புகள் கைகழுவினால், அது பழைய குடத்தின் கதையாகிவிடும்.

அதிகாலையில் தனியாக ஓடும் மாணவிக்கும் இது பொருந்தும். வழியில் கழிப்பறை இல்லை என்பதற்காகவே பல பெண்கள் குடிக்காமல் ஓடுகிறார்கள். அதற்கு எந்த வெஸ்ட்டும் தீர்வில்லை. திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறையும், பயமில்லாமல் நின்று குடிக்க ஒரு குழாயும்தான் தீர்வு. போட்டி நடத்துபவர்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்விகள் இவை: தண்ணீர் எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை, கழிப்பறை எங்கே, கடைசியாக வரும் பெண்ணுக்கும் மேசையில் தண்ணீர் மிச்சமிருக்குமா?

எடுத்துச் செல்வதைப் பொறுத்தவரை, முதலில் உங்கள் உடலை அளந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். குறைந்த எடையோடு இடையில் குடித்ததைக் கூட்டினால், அந்த வெயிலில் அந்த வேகத்தில் உங்கள் வியர்வை ஏறக்குறைய எவ்வளவு என்று தெரியும். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்திருக்கிறீர்கள். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு அரை லிட்டர் பாட்டிலே பலருக்குப் போதும். வெஸ்ட் வாங்குவதென்றால் ஓடும்போது அணியும் பிராவோடு போட்டு, தண்ணீர் நிரப்பி, கடைக்குள்ளேயே நான்கு எட்டு ஓடிப் பாருங்கள். குலுங்கினால், உரசினால், மூச்சை இறுக்கினால் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கேளுங்கள்.