பழைய சோறு முட்டிவலிக்கு மருந்தா? லண்டனில் இருந்து வேலூர் வரை ஒரு நூறு வருஷக் கதை

1/ "டாக்டர், பழைய சோறும் கூழும் சாப்பிட்டா முட்டிவலி போயிடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. மாத்திரையை நிறுத்திடலாமா?"

ஆரணியில் தறிக்குழியில் உட்கார்ந்து நாள் முழுக்க மிதி மிதிக்கிறவங்க கேக்குற கேள்வி. பதில்: நிறுத்தாதீங்க. ஆனா குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு இருக்கா? இருக்கு. அது ஒரு நூறு வருஷக் கதை.

2/ 1900களின் தொடக்கம், லண்டன். அர்பத்நாட் லேன்னு புகழ்பெற்ற சர்ஜன். பெருங்குடலில் தேங்கும் கழிவுதான் உடம்பெல்லாம் விஷம் பரப்புதுன்னு நம்பி, மூட்டுவாதக்காரங்க உட்படப் பலருக்குப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார்! சக டாக்டர்கள் கடுமையா எதிர்த்தாங்க. பிற்காலத்தில் அவரே 1925-ல் ஒரு சங்கம் தொடங்கி, தவிடும் காய்கறியும் சாப்பிடுங்கன்னு பிரசாரம் பண்ணார்.

3/ 1930களின் இறுதி, ஸ்வீடன். நன்னா ஸ்வார்ட்ஸ் என்ற பெண் பேராசிரியர், முடக்குவாதத்துக்குக் கிருமிதான் காரணம்னு நினைச்சு ரெண்டு மருந்தை ஒண்ணா இணைச்சார். அதுதான் சல்ஃபாசலசின். இன்னிக்கும் நாங்க எழுதித் தர்ற மாத்திரை. வேடிக்கை என்னன்னா, அதை ரெண்டாப் பிரிக்கிறதே நம்ம பெருங்குடல் பாக்டீரியாதான்!

4/ 1995-ல் கிப்சன், ராபர்ஃபிராய்ட் ரெண்டு பேரும் 'ப்ரீபயாட்டிக்' என்ற பேரை வெச்சாங்க. நமக்குச் செரிக்காம, குடலின் நல்ல பாக்டீரியாவுக்கு இரையாகுற உணவு. வெங்காயம், பூண்டு, பயறு எல்லாம் இந்த வகை.

5/ இப்போ நம்ம ஊர்ப்பக்கம். ஆரணியிலிருந்து சுமார் 40 கி.மீ. தூரத்தில் வேலூர் சி.எம்.சி. 2000-ல் பி.எஸ். ராமகிருஷ்ணா குழு வெளியிட்ட ஆய்வு: காலரா நோயாளிகளின் உப்பு-சர்க்கரைக் கரைசலில் எளிதில் செரிக்காத சோள மாவுச்சத்தைச் சேர்த்தாங்க. பேதி குறைஞ்சது, சீக்கிரம் நின்னது. பெருங்குடல் பாக்டீரியா அந்த மாவைப் புளிக்க வெச்சுக் கொழுப்பு அமிலங்களா மாத்துது. அது குடல் உப்பையும் தண்ணியையும் உறிஞ்ச உதவுது. சோறு ஆறும்போதும் இந்த மாதிரி மாவுச்சத்து கொஞ்சம் கூடும்.

6/ அப்போ மூட்டு? 2013-ல் நியூயார்க்கில், புதுசா முடக்குவாதம் வந்தவங்க குடலில் 'ப்ரிவோட்டெல்லா காப்ரி' என்ற பாக்டீரியா அதிகம் இருந்ததைப் பார்த்தாங்க. 2018-ல் ராசெஸ்டரில், உடல் பருத்த எலிகளுக்கு ப்ரீபயாட்டிக் நார் கொடுத்தப்போ மூட்டுத் தேய்மானம் குறைஞ்சது. முதலாவது தொடர்பைத்தான் காட்டுது, காரணத்தை இல்ல. ரெண்டாவது எலி, மனுஷன் இல்ல. நம்பிக்கை தருது, ஆனா இதை வெச்சு மாத்திரையை நிறுத்த முடியாது.

7/ முக்கியமானது இதுதான். மிதிச்சு மிதிச்சு வர்ற முட்டித் தேய்மானம் வேற. காலையில் எந்திரிச்சா ஒரு மணி நேரம் விரல் மடங்காம, கணு வீங்கியிருந்தா அது முடக்குவாதமா இருக்கலாம். சீக்கிரம் மருந்து ஆரம்பிச்சா விரல் கோணாம காப்பாத்தலாம். இழை முடியிற கைக்கு விரல்தானே சோறு போடுது!

8/ கூழ் குடிங்க, சின்ன வெங்காயம் கடிச்சுக்கங்க. சுகர் இருந்தா அளவு பார்த்துக்கங்க. மாத்திரையையும் போடுங்க. லேன் கத்தியால் தேடினதை நம்ம சட்டிப்பானை கொஞ்சம் தரலாம். முழுசையும் அதுகிட்ட கேக்காதீங்க.