ஒற்றைத் தலைவலி: மாத்திரையே வலியாக மாறும்போது

தலைவலி வந்தால் மெடிக்கலில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிஃப்டுக்குப் போவது ஓசூர் சிப்காட் பகுதியில் சாதாரணம். மாதத்தில் ஓரிரு நாள் என்றால் பெரிய பாதகம் இல்லை. மாதத்தில் பாதி நாள் மாத்திரை தேவைப்பட்டால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கியிருக்கலாம்.

இது நம் பகுதியில் அரிதான நோயல்ல. பெங்களூருவிலும் அதைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் 2,329 பேரிடம் நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் வீடு வீடாக நடத்திய ஆய்வில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் நூற்றுக்கு 25 பேர். ஆண்களைவிடப் பெண்களே இதனால் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

எப்படி அறிவது?

பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் விண் விண்ணென்று வலிக்கும். குமட்டல் இருக்கும், வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது, நடந்தால் வலி கூடும். 4 மணி நேரம் முதல் 3 நாள் வரை நீடிக்கலாம். மூன்று மாதங்களுக்கு மேல், மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அதில் 8 நாளாவது மைக்ரேனாக இருந்தால் அது நாள்பட்ட மைக்ரேன்.

மாத்திரைக் கணக்கு

பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்றவற்றை மாதம் 15 நாளோ அதற்கு மேலோ தொடர்ந்து எடுத்தால் ஆபத்து. பல மருந்து கலந்த வலி மாத்திரைகளுக்கும் சுமாட்ரிப்டான் வகைக்கும் எல்லை 10 நாள்தான். காலண்டரில் தலைவலி வந்த நாளுக்கு ஒரு குறியும், மாத்திரை போட்ட நாளுக்கு இன்னொரு குறியும் இடுங்கள். மருத்துவருக்கு அதுவே பெரிய உதவி.

ஷிஃப்டும் தூக்கமும்

வாரத்துக்கு ஒருமுறை ஷிஃப்ட் மாறும்போது தூக்கமும் சாப்பாட்டு நேரமும் மாறுகின்றன. இரண்டுமே வலியைத் தூண்டும். இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவர் பகலில் இருட்டறையில் தடையின்றித் தூங்க வீட்டார் வழிசெய்ய வேண்டும். வலிக்கு முன் கண்ணில் மின்னலோ மறைப்போ தோன்றினால் மிஷினை நிறுத்துங்கள்; பைக் ஓட்டாதீர்கள்.

நோன்பு நாட்களில்

பசி, தண்ணீர்க் குறைவு, டீ திடீரென நின்றுபோவது, தூக்கக் குறைவு ஆகியவை ரமளானில் ஒன்றுசேர்கின்றன. இரண்டு வாரம் முன்பே டீயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஸஹரைத் தவறவிடாதீர்கள். இஃப்தாருக்கும் ஸஹருக்கும் இடையில் தண்ணீரைப் பிரித்துப் பிரித்துக் குடியுங்கள். தடுப்பு மருந்து எடுப்பவர்கள், நேரத்தை இஃப்தாருக்கோ ஸஹருக்கோ மாற்றலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேளுங்கள். நோயாளி வேறு நாட்களில் நோன்பைக் கணக்கிட்டு நிறைவேற்றச் சலுகை உண்டு (அல்குர்ஆன் 2:185). வலியில் துடிப்பவரை "இன்னும் கொஞ்ச நேரம்தானே" என்று வற்புறுத்த வேண்டியதில்லை.

சிகிச்சை

வலி அடிக்கடி வருபவர்களுக்கு தினமும் எடுக்கும் தடுப்பு மருந்துகள் உண்டு. பலன் தெரிய சில வாரங்கள் ஆகும், இடையில் நிறுத்தக்கூடாது. ஆஸ்துமா இருந்தால் ப்ரொப்ரனலால் ஆகாது. அமிட்ரிப்டிலின் தூக்கம் வரவழைக்கும் என்பதால் மிஷினில் வேலை செய்பவர்கள் அதைச் சொல்லியே மருந்து வாங்க வேண்டும். கருத்தரிக்கக்கூடிய வயதுப் பெண்களுக்கு வால்ப்ரோயேட், டோபிரமேட் ஆகியவை கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கலாம், கட்டாயம் கேட்டறியுங்கள்.

முதலில் ஓசூர் அரசு மருத்துவமனையையோ கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ அணுகலாம். இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களின் குடும்பத்தாருக்கும் அதன் டிஸ்பென்சரி வழியே சிகிச்சை உண்டு. நரம்பியல் மருத்துவம் தேவைப்பட்டால், நிம்ஹான்ஸ் பெங்களூருவின் ஓசூர் சாலையிலேயே இருக்கிறது.

தாமதிக்கக் கூடாதவை

இதுவரை கண்டிராத கடும் வலி திடீரென வருவது, காய்ச்சலுடன் கழுத்து விறைப்பு, கை கால் தளர்வு, பேச்சுக் குழறல், வலிப்பு, கர்ப்ப காலத்தில் புதிதாக வரும் கடும் தலைவலி: இவற்றில் எது வந்தாலும் மைக்ரேன் என்று விட்டுவிடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.