குறியும் கோணமும்

பில்லியர்ட்ஸ் என்றவுடன் முகம் சுளிக்கும் பெரியோர் நம் காலனியில் சிலர் உளர். அது துரைமார் பொழுதுபோக்கு என்பதும், பிள்ளைகளின் படிப்பைக் கெடுப்பது என்பதும் அவர்தம் கருத்து. முன்னது ஒருகாலத்தில் உண்மையே. பின்னதைப் பற்றி, இவ்வாட்டத்தில் குறிபார்க்கும் முறை வளர்ந்த வரலாற்றைக் கேட்டபின் அவர்களே தீர்ப்பளிக்கட்டும். மெட்ரிகுலேஷன் வரை நாம் கற்ற கேத்திர கணிதம் அந்தப் பச்சைத் துணியின் மேல் பரந்து கிடக்கிறது.

தொடக்கத்தில் கோலின் முனை வெறும் மரமாக இருந்தது. பந்தின் நடுவை விட்டுச் சற்று விலகித் தொட்டாலும் வழுக்கிவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சிறையிலிருந்த மிங்கோ என்னும் பிரெஞ்சுக் கப்பித்தான் கோல்முனையில் தோல் ஒட்டும் வழியைக் கண்டார் என்பர். பந்துக்கு விரும்பியவாறு சுழற்சி கொடுப்பது அதன்பின்னரே கைகூடிற்று. 1835இல் கொரியோலி என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்வாட்டத்தின் கணிதத்துக்கென்றே ஒரு முழு நூல் இயற்றினார். மோதியபின் அடிபந்து வளைந்தோடும் பாதை பரவளைவு என்று அதில் நிறுவினார். பூமியின் சுழற்சியால் காற்று திசை விலகுவதை விளக்கும் விசைக்கு இன்று வழங்கும் பெயரும் இவருடையதே!

இனி நம் நாட்டுக்கு வருவோம். பில்லியர்ட்ஸின் தம்பியான ஸ்னூக்கர் பிறந்தது இங்கேதான். 1875இல் ஜபல்பூர் இராணுவ விடுதியில், நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய ஆட்டமொன்றில் மேலும் சில வண்ணப் பந்துகளைச் சேர்த்தார். (பிற்காலத்துப் பிரிட்டிஷ் பிரதமர் வேறு, இவர் வேறு.) பின்னர் அவர் சென்னைப் படைத்தலைவர் ராபர்ட்ஸிடம் பணிபுரிந்தபோது, 1882இல் உதகமண்டலம் கிளப்பில் இதன் விதிகள் எழுதி ஒட்டப்பட்டன என்பது வழிவழிச் செய்தி. இவ்வரலாற்றைச் சேம்பர்லினே 1938இல் ஒரு பத்திரிகைக் கடிதத்தில் தெரிவித்தார். ஆனால் அக்காலத்து வெள்ளையர் கிளப்புகள் பலவற்றில் இந்தியருக்கு உறுப்பினர் உரிமை கிடையாது. புள்ளி எண்ணும் மார்க்கராக மேஜையருகே நிற்கலாம், அவ்வளவே.

குறிபார்க்கும் முறைகளுள் பழைமையானது பின்னமுறை. அடிபந்து மற்றப் பந்தை முழுமையாக மறைக்கிறதா, முக்காலா, அரையா, காலா என்று கண்ணால் அளப்பது அது. அடிபந்தின் மையத்தை மற்றப் பந்தின் ஓரத்துக்கு நேராகச் செலுத்தினால் அரைப்பந்து. தொடும் கணத்தில் இரு மையங்களுக்கும் இடைத்தூரம் ஒரு விட்டம். விலகலோ ஓர் ஆரம். ஆகவே சைன் மதிப்பு அரை, கோணம் 30 டிகிரி. இவ்வாறே முக்கால் பந்துக்குச் சுமார் 14½, கால் பந்துக்குச் சுமார் 48½ டிகிரி.

ஆங்கில பில்லியர்ட்ஸில் அரைப்பந்துக்குத் தனிமதிப்பு ஏற்பட்டதற்குக் காரணம் உண்டு. இயல்பாக உருண்டு வரும் அடிபந்து, அரைப்பந்து அடியில் தன் வழியினின்று ஏறத்தாழ 34 டிகிரி திரும்புகிறது. அதுவே அதன் உச்சம். உச்சத்தருகே குறி இம்மியளவு பிசகினாலும் திருப்பம் பெரிதும் மாறுவதில்லை. ஆதலின் அடிபந்தையே பையில் விழச்செய்யும் அடிகளை ஆட்டக்காரர் இதன் மேலேயே கட்டினர். கொடையாளி போன்ற கோணம் அது!

ஸ்னூக்கரில் இந்தத் தாராளம் செல்லாது. அங்கே மற்றப் பந்து பையில் விழவேண்டும். பையின் வாய் ஏறத்தாழ மூன்றரை அங்குலம். பந்து இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். ஆறடி ஓடும் பந்து ஒரு டிகிரி பிசகினால் ஒன்றேகால் அங்குலம் விலகிவிடும். பின்னமுறையிலோ ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடையே பதினெட்டரை டிகிரி வரை இடைவெளி. அம்முறையால் மட்டுமே பந்து விழுகிறது என்பவர், இடையிலுள்ளவற்றைத் தம் கண்ணும் கையும் தாமாக நிரப்புவதை மறந்தவர் என்பேன்.

கற்பனைப் பந்து முறை இதனினும் நேர்மையானது. பையிலிருந்து பந்தின் மையம் வழியாகக் கோடிழுத்து, அதன் பின்புறம் ஒட்டியிருப்பதாக இன்னொரு பந்தை எண்ணி, அதன் மையத்தைக் குறியாகக் கொள்வது. எக்கோணத்துக்கும் கணிதம் பொருந்தும். எனினும் உராய்வு என்று ஒன்று உள்ளதே! சாய்வாக மோதும்போது அது பந்தைக் கணிதக்கோட்டினின்று சிறிது இழுத்துச் செல்லும். மெதுவான அடியில் இவ்விழுப்பு மிகுதி. பக்கச்சுழற்சி கொடுத்தாலோ கணக்கு இன்னும் மாறும். இதற்குச் சூத்திரம் கேட்பவருக்குப் பயிற்சியைத்தான் காட்டவேண்டும்.

அவ்வாறு பயின்றவர் புனாவில் பிறந்த வில்சன் ஜோன்ஸ். 1958இல் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டத்தை வென்றார். 1964இல் நியூசிலாந்தில் மீண்டும் வென்றார். மார்க்கராக மட்டும் நிற்கலாம் என்றிருந்த மேஜையில் இந்தியர் உலகப் பட்டம் பெற்றார்!

மேஜை இல்லையே என்று பிள்ளைகள் வருந்தவேண்டா. வீட்டிலுள்ள காரம் பலகையே போதும். ஆனால் அங்கே ஸ்டிரைக்கர் பெரிது, காய் சிறிது. ஸ்டிரைக்கரின் மையத்தைக் காயின் ஓரத்துக்கு நேராக விட்டால் 30 டிகிரி வாராது; 25ஐ ஒட்டியே வரும். கற்பனைப் பந்து முறையோ, காயின் பின் ஓரத்திலிருந்து ஸ்டிரைக்கரின் ஆரத்தை அளந்து வைத்தால் இங்கும் பொருந்தும். பலகையில் பென்சிலால் கோடிடுமுன் வீட்டில் அம்மாவிடம் உத்தரவு பெறுக.