ஊழிக்குப் பின் எஞ்சுவது

ஊழி என்னும் சொல் தமிழில் நெடிய காலத்தையும் குறிக்கும். அக்காலத்தின் அழிவையும் குறிக்கும். முதலிரு சங்கங்கள் இருந்த நகரங்களைக் கடல் கொண்டது என்று இறையனார் களவியல் உரை கூறுகிறது. அச்செய்தியை நேரான வரலாற்றுச் சான்றாக ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. எனினும் அவ்வுரை எதனை நினைவில் வைத்தது என்பது எண்ணத்தக்கது. கடல் கொண்ட மாடங்களை அது விரித்துரைக்கவில்லை. முதுநாரை, முதுகுருகு, களரியாவிரை எனக் கிடைக்காமற்போன நூல்களின் பெயர்களையும், புலவர்தம் பெயர்களையும் காத்துத் தந்தது. பேரழிவுக்குப் பின் எஞ்சவேண்டுவது எது என்னும் வினாவுக்கு அது ஒரு விடை.

இருபதாம் நூற்றாண்டில் அதே வினாவை உலக மக்கள்முன் வைத்த கலை திரைப்படம். 1945இல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு வீழ்ந்தபின், மனிதன் தன் கையாலேயே ஊழியை வரவழைக்கக்கூடும் என்பது வெறுங்கற்பனையாக இல்லாமற்போயிற்று. அவ்வச்சத்தில் பிறந்த படங்களை இரு சாரார் தனி ஆர்வத்துடன் காண்பர். ஒரு சாரார், நாகரிகம் சரிந்தாலும் தாம் பிழைத்திருக்க வேண்டுமென உணவும் எரிபொருளும் படைக்கலமும் சேர்த்துவைப்போர். 1970களிலும் 1980களிலும் அமெரிக்காவில் இவர்கள் ஓர் இயக்கமாகவே வளர்ந்தனர். மற்றொரு சாரார் கடலோடிகள். கரையை நீங்கிய கலம் ஒவ்வொன்றும் ஒரு சிற்றுலகு. அது மூழ்கினால் அதில் இருப்போர்க்கு அந்நாளே ஊழி. இவ்விரு சாராரும் அப்படங்களிலிருந்து கற்கத்தக்கது யாது?

ஆளில்லாச் செய்தி

நெவில் ஷூட் 1957இல் வெளியிட்ட நாவலைத் தழுவி ஸ்டான்லி கிராமர் இயக்கிய 'ஆன் தி பீச்' 1959இல் வெளிவந்தது. அணுப்போரால் வடபுலம் முழுதும் மடிந்துவிட்டது. கதிர்வீச்சு மெல்லத் தெற்கு நோக்கிப் பரவுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மக்கள் தம் இறுதி மாதங்களை எண்ணிக்கொண்டிருக்கின்றனர். அந்நிலையில் அமெரிக்காவின் சான் டியேகோவிலிருந்து பொருள் விளங்காத தந்திக் குறிகள் வருகின்றன. யாரேனும் உயிரோடிருக்கலாம் என்னும் நம்பிக்கையில் நீர்மூழ்கிக் கப்பலொன்று பெருங்கடலைக் கடந்து செல்கிறது. அங்கே காணப்படுவது, சன்னல் திரையின் கயிற்றில் சிக்கிக் காற்றில் ஆடித் தந்திச் சாவியைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு கோக்கோ கோலா புட்டி.

இக்காட்சியில் ஆயத்தம் செய்வோர்க்குரிய பாடம் ஒன்றுண்டு. மின்விசை இருந்தது, கருவி இருந்தது, அனுப்பவும் பெறவும் வழி இருந்தது. சொல்வதற்கு மனிதர் இல்லை. மாலுமி ஒருவன் தன் ஊரான சான் பிரான்சிஸ்கோவில் கலத்தைவிட்டு நீந்திச் சென்றுவிடுவதையும் அப்படம் காட்டுகிறது. பாதுகாப்பான எஃகுக் கூட்டினும் தன் ஊரில் சாவதே அவனுக்கு இனிதாகிறது. பிழைத்திருத்தல் யாருடன், எதற்காக என்னும் வினா எந்தச் சேமிப்புப் பட்டியலிலும் அடங்குவதில்லை.

பேசாச் சிறுவன்

1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஊழியச்சத்துக்கு வேறோர் உருவம் தந்தது. ஜார்ஜ் மில்லர் இயக்கி 1981இல் வெளிவந்த 'மேட் மேக்ஸ் 2' படத்தில் பெட்ரோலே உயிர், அதற்காகவே கொலைகள். அப்படத்தின் ஊர்திகளையும் படைக்கலங்களையும் வியந்தோர் பலர். அதன் அமைப்பு வேறொன்றைச் சொல்கிறது. நாயகன் உயிரைப் பணயம் வைத்து ஓட்டிச்செல்லும் எண்ணெய் லாரியில் இருப்பது மணல்; பகைவரை ஏமாற்றவே அது அனுப்பப்படுகிறது. அந்நாயகன் யார், அன்று என்ன நடந்தது என்பதை உலகுக்குச் சொல்லும் கதைக்குரல் யாருடையது என்பது இறுதியில்தான் விளங்குகிறது. படம் முழுதும் உறுமலன்றிப் பேச்சறியாத காட்டுச் சிறுவனே வளர்ந்து, தன் கூட்டத்தின் தலைவனாகி, முதுமையில் அக்கதையைச் சொல்கிறான். பெட்ரோல் தீர்ந்தபின்னும் கதை தீரவில்லை. சொல்லற்றிருந்தவன் சொல் பெற்றதே அக்கூட்டம் பிழைத்தமைக்குச் சான்று.

படிக்க வராத வரைபடம்

கெவின் ரெனால்ட்ஸ் இயக்கிய 'வாட்டர்வேர்ல்ட்' 1995இல் வெளிவந்தது. துருவப் பனி உருகி உலகெங்கும் கடலாகிவிட்டது. மண்ணே அங்கு நாணயம். ஒரு சாடி மண்ணுக்குச் சந்தையில் பெருமதிப்பு. இதனை அறிவியலாகக் கொள்ளுதல் கூடாது. உலகின் பனி அனைத்தும் உருகினாலும் கடல்மட்டம் ஏறத்தாழ 70 மீட்டரே உயரும். கடற்கரை நகரங்களுக்கு அதுவே பேரழிவாயினும் மலைநாடுகள் மூழ்கா. கொள்ளையர் குடியிருக்கும் துருப்பிடித்த எண்ணெய்க் கப்பல், 1989இல் அலாஸ்காவில் தரைதட்டிக் கடலை எண்ணெயால் மாசுபடுத்திய எக்ஸான் வால்டெஸ் என்பதில் மட்டும் கசப்பான உண்மை உண்டு.

அப்படத்தில் உலர்நிலத்துக்கு வழிகாட்டும் வரைபடம் ஒரு சிறுமியின் முதுகில் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அனைவரும் அதனைக் காண்கின்றனர். படிக்கத் தெரிந்தவர் இல்லை. படைக்கலம் உடையோர் சிறுமியைக் கவர்ந்தும் வழியறியாது தவிக்கின்றனர். எழுத்து எஞ்சியும் படிப்பு எஞ்சவில்லையாயின் எழுத்து வெறுந்தழும்பாகிவிடும்.

கடல் எழுதிய பாடம்

திரைப்படம் கற்பனை செய்ததை மெய்யாகவே வாழ்ந்தவர்கள் உண்டு. சீன நாட்டவரான பூன் லிம், 1942 நவம்பரில் தம் கப்பல் குண்டெறிந்து மூழ்கடிக்கப்பட்டபின், தென் அட்லாண்டிக்கில் மரமிதவை ஒன்றில் 133 நாள் தனித்திருந்தார். மழைநீரைக் கித்தானில் பிடித்தார். கைவிளக்கின் கம்பியைத் தூண்டிலாக்கினார். கயிற்றில் முடிச்சிட்டு நாள் எண்ணினார். 1943 ஏப்ரலில் பிரேசில் மீனவர்கள் அவரைக் காத்தனர். அவருடைய பட்டறிவு பிரிட்டிஷ் கடற்படையின் பயிற்சிக் குறிப்புகளில் இடம்பெற்றது.

1972 ஜூனில் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே டூகல் ராபர்ட்சன் குடும்பத்தின் பாய்க்கப்பலைத் திமிங்கில வகை உயிரினங்கள் மோதி உடைத்தன. ஆறு பேர் முதலில் ரப்பர் மிதவையிலும் பின்னர்ச் சிறு படகிலும் 38 நாள் உயிர்வாழ்ந்தனர். ஜப்பானிய மீன்பிடிக் கலமொன்று அவர்களை மீட்டது. ராபர்ட்சன் அத்துடன் அமையவில்லை. தாம் கற்றதை முதலில் வரலாறாகவும், 1975இல் கடலில் உயிர்பிழைக்கும் முறைகள் பற்றிய கையேடாகவும் எழுதிவைத்தார்.

ஏழாண்டு சென்றது. 1982 பிப்ரவரியில் ஸ்டீவன் கலகன் என்னும் அமெரிக்கரின் படகு அட்லாண்டிக்கில் மூழ்கியது. மூழ்கும் படகினுள் மீண்டும் இறங்கி அவர் எடுத்துவந்த பொருள்களுள் ராபர்ட்சனின் கையேடும் ஒன்று. வெயிலால் கடல்நீரை ஆவியாக்கி நன்னீராக்கும் கருவிகள் அவரிடம் இருந்தன. தொடக்கத்தில் அவை பயன்தரவில்லை. அவற்றின் இயல்பைப் பொறுமையுடன் கற்றபின்னரே நாளொன்றுக்கு ஏறத்தாழ அரை லிட்டர் நீர் கிட்டியது. பென்சில்களைக் கட்டிக் கோணமானி செய்து வடமீனை அளந்து தம் இடத்தைக் கணித்தார். 76 நாளுக்குப் பின் கரிபியன் தீவொன்றின் மீனவர்கள் அவரைக் கண்டனர். முன்பின் அறியாத ஒருவர் எழுதிய நூல் அந்நாள்களில் அவருக்குத் துணையிருந்தது.

இச்சங்கிலி திரைப்படத்துக்கே திரும்பியதும் குறிப்பிடத்தக்கது. புதுச்சேரியில் தொடங்கிக் கடலில் விரியும் 'லைஃப் ஆஃப் பை' படத்தை ஆங் லீ இயக்கியபோது, மிதவை வாழ்க்கையின் உண்மையைச் சொல்ல அழைக்கப்பட்டவர் கலகன். அப்படம் 2012இல் வெளிவந்தது. கடலோடி திரைப்படத்திடம் கற்றதைவிடத் திரைப்படம் கடலோடியிடம் கற்றது மிகுதி எனலாம்.

எஞ்சும் சொல்

ஹியூஸ் சகோதரர்கள் இயக்கி 2010இல் வெளிவந்த 'தி புக் ஆஃப் ஈலை' இதுவரை கண்டவற்றை ஒன்றுசேர்க்கிறது. அழிந்த நாட்டினூடே ஒருவன் ஒரு நூலைச் சுமந்து மேற்கு நோக்கி நடக்கிறான். ஆதிக்கவெறியன் ஒருவன் அதனைப் பறித்துக்கொள்கிறான். திறந்து பார்த்தால் அது பார்வையற்றோர்க்கான பிரெய்ல் எழுத்து. அவனால் படிக்க இயலவில்லை. நூலை இழந்தவனோ படகேறி அல்காட்ரஸ் தீவை அடைந்து, தன் நெஞ்சிலிருந்தே அதனை முழுதும் ஒப்பிக்கிறான், மற்றொருவர் எழுதிக்கொள்கிறார். பல தலைமுறை மனப்பாடத்தாலும் ஏட்டாலும் நூல்களைக் காத்த மொழியினர்க்கு இக்காட்சி அயலாகத் தோன்றாது.

உணவும் நீரும் எரிபொருளும் வேண்டாவென இப்படங்கள் சொல்லவில்லை. பூன் லிம்மின் மழைநீர் இன்றி அவர் கதை இல்லை. ஆயினும் சேமிப்பு சேமித்தவனோடு தீர்ந்துவிடும். கற்றதைச் சொல்லிவைத்தால் அது அடுத்த மிதவைக்குச் செல்லும். ஆகவே ஆயத்தம் செய்வோர் தம் அறையில் இடவேண்டியவற்றுள் ஏடும் எழுதுகோலும் உண்டு. கடலோடி காக்கவேண்டியவற்றுள் நாட்குறிப்பும் உண்டு. இருவரும் செய்யவேண்டுவது, அவற்றைப் படிக்கத்தக்க ஒரு சிறுவனையோ சிறுமியையோ உருவாக்குதல். ராபர்ட்சன் கையேட்டை எழுதியபோது அது எவர் கையில், எந்தக் கடலில் விரிக்கப்படும் என்பதை அறிந்திருக்க வழியில்லை. எழுதுவோர் எவர்க்கும் அது பொருந்தும்.