அளவுச் சட்டை

சென்ற மாதம் எனக்கென ஒரு முழுக்கைச் சட்டையை நானே தைக்க முயன்றேன். ஆய்வேட்டின் ஓர் இயல் முடியாமல் இழுத்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. கைக்கு வேறு வேலை தேவைப்பட்டது. பேட்டர்ன் என்று வழங்கும் காகித வெட்டுப்படிவம் ஒன்றை இணையத்திலிருந்து இறக்கி, தாள்களை ஒட்டி, என் மார்புச் சுற்றளவுக்குரிய கோட்டில் வெட்டி, முதலில் காடாத் துணியில் தைத்துப் பார்த்தேன். இடப்பக்கம் நன்றாக அமர்ந்தது. வலப்பக்கம் கழுத்தடியிலிருந்து அக்குளை நோக்கிச் சாய்வாகச் சுருக்கங்கள் விழுந்தன. படிவத்தில் பிழையில்லை, என் வலத்தோள் இடத்தோளைவிட அரை அங்குலம் தாழ்ந்தது. பல ஆண்டுகள் ஒரே தோளில் புத்தகப் பை சுமந்ததன் கூலி என நினைக்கிறேன்.

திருத்தம் கடினமன்று. தோள்தையலின் வெளிமுனையை அரை அங்குலம் இறக்கி, அந்தக் குறைப்பைக் கழுத்தருகே ஒன்றுமில்லாமல் முடிக்க வேண்டும். கைத்துளையின் அடியையும் அதே அளவு இறக்க வேண்டும், இல்லையேல் கை பொருந்தாது. இதைச் செய்ய முற்பட்டபோதுதான் ஒன்றைக் கவனித்தேன். படிவம் பாதி உடலை மட்டுமே வரைந்திருந்தது. துணியை இரண்டாக மடித்து இரு பக்கத்தையும் ஒரே வெட்டில் வெட்டிக்கொள்ள வேண்டும் என்பது அதன் விதி. மறுபாதி முதற்பாதியைப் போலவே இருக்கும் என்பது அதன் சொல்லப்படாத எடுகோள்.

இந்தப் பாதியுடலுக்கு ஒரு வரலாறு உண்டு. அங்குல நாடா தையற்கடைக்கு வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்குமுன் ஐரோப்பியத் தையற்காரர்கள் வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு காகித நாடாவோ தோல் நாடாவோ வைத்து, அவரவர் உடலளவை அதில் வெட்டுக்குறிகளாகப் பதித்தனர். அந்த நாடா ஒருவருக்கு மட்டுமே உரியது. இன்னொருவர் நாடாவோடு ஒப்பிட அதில் எண்ணே இல்லை. எண்ணிட்ட நாடா வந்தபின் உடல்களை ஒப்பிட முடிந்தது. மார்பளவு ஒன்றைக் கொண்டே ஏனைய அளவுகளைக் கணக்கிடும் விகித முறைகள் பெருகின. மாசசூசெட்ஸ் மாநிலத்துத் தையற்காரரான எபனேசர் பட்டரிக் 1863இல் பல அளவுகளில் தரப்படுத்திய படிவங்களை விற்கத் தொடங்கியபோது, சராசரி உடல் வீட்டு மேசைக்கே வந்து சேர்ந்தது. முதலில் விற்றவை ஆண்கள், சிறுவர் உடைகளுக்கான படிவங்களே.

சட்டையும் அந்நூற்றாண்டில் மாறிக்கொண்டிருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஐரோப்பியச் சட்டை, சதுரங்களையும் செவ்வகங்களையும் இணைத்து, அக்குளில் ஒரு சிறு சதுரத்தை வைத்துத் தைத்தது. நம் வடபுலத்துக் குர்தாவின் ‘கலி’யும் ‘சௌபக்லா’வும் ஏறக்குறைய இதே அறிவுதான். துணி வீணாகாது, தோள் எப்படி இருந்தாலும் உடை பொறுத்துக்கொள்ளும். வளைவான கைத்துளையும் உடலோடொட்டிய தோளும் வந்த பிறகே ‘பொருத்தம்’ என்பது சட்டைக்கு ஒரு சிக்கலாயிற்று. அச்சிக்கலைத் தீர்க்க முதலில் தைத்துப் பார்க்கும் வெள்ளோட்டத் துணியை அமெரிக்கர் ‘மஸ்லின்’ என்கின்றனர். டாக்காவின் மிக நுண்ணிய நெசவுக்கு வழங்கிய பெயர், தூக்கியெறியப்படும் மலிவுத் துணிக்குப் பெயராயிற்று.

இந்தியாவில் காகிதப் படிவம் வீட்டுப் பழக்கமாகவில்லை. தையற்கூலி குறைவு என்பது ஒரு காரணம். வேறொரு முறை ஏற்கெனவே வேரூன்றியிருந்ததும் காரணமாகலாம். திருத்திய படிவத்தை எடுத்துக்கொண்டு முனிர்க்காவில் ஒரு முதிய தையற்காரரிடம் போனேன். அவர் படிவத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. “நாப் கா கப்டா?” என்று மட்டும் கேட்டார். நம் ஊரில் அளவுச் சட்டை என்பதைத்தான்.

ஆங்கிலோ-இந்தியர் எழுத்துகளில் இம்முறையைக் கேலி செய்யும் கதையொன்று திரும்பத் திரும்ப வரும். துரைசானி பழைய உடையை மாதிரிக்குக் கொடுத்தாளாம். தர்ஜி புதிய உடையிலும் அதே இடத்தில் ஒட்டுப் போட்டுக் கொடுத்தானாம். சீனத் தையற்காரர் மீதும் இதே கதை ஏற்றப்பட்டிருப்பதால் இது நிகழ்ச்சியன்று, நகைச்சுவை வாய்ப்பாடு என்றே கொள்கிறேன். அளவுச் சட்டையைக் கையில் வாங்கும் தையற்காரர் அதை அப்படியே படியெடுப்பதில்லை. எங்கே நைந்திருக்கிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்று பார்க்கிறார், “இதைவிட எவ்வளவு கூட?” என்று கேட்கிறார். உடுத்திப் பழகிய உடை, அந்த ஒருவரின் உடலைப் பற்றிய ஆவணம்.

இதைப் போற்றிப் பாடவும் நான் தயாரில்லை. பெண்களின் உடலைத் தொடாமல் அளவெடுக்க வேண்டிய கட்டுப்பாடும் அளவு உடையைப் பரவலாக்கியது. ரவிக்கை தைக்கக் கொடுத்த எவருக்கும் இது தெரியும். நம் தையற்பயிற்சி நூல்களும் சராசரியை விட்டு விலகியவை அல்ல: கழுத்தின் அகலத்துக்கு மார்பளவில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற வாய்பாட்டை இன்றும் மாணவர் மனப்பாடம் செய்கின்றனர்.

இந்திய உடல்களை அளந்தோர் வேறு சிலரும் உண்டு. ரிஸ்லி வங்காளத்தில் மூக்கை அளந்து சாதியை வரிசைப்படுத்தினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், அங்கு வந்தோரின் தலைகளைக் கூட அளவுக்கருவிக்குள் வைத்தார். அவர்களுக்குத் தேவைப்பட்டது வகைமாதிரி. தனியாள் அதற்கு ஒரு சான்று மட்டுமே. நிஃப்ட் நிறுவனம் ‘இந்தியா சைஸ்’ திட்டத்தில் 15 முதல் 65 வயது வரையிலான 25,000 பேரை முப்பரிமாணக் கருவியால் அளக்கத் திட்டமிட்டது. ஆயத்த ஆடைக்கு இந்திய அளவு வேண்டும் என்ற நோக்கம் நியாயமானது. தர்ஸ்டனோடு அதை ஒரே தட்டில் வைக்க மாட்டேன். ஆனாலும் அங்கேயும் என் வலத்தோள் சராசரிக்குள் கரைந்துவிடும்.

உடல்வரலாறு எழுதுவோர் இதுவரை நம்பியவை பெரும்பாலும் சிறை, படை, ஒப்பந்தக் கூலிக் கப்பல் ஆகியவற்றின் பதிவேடுகள். அவை உயரத்தைச் சொல்லும், அதையும் அதிகாரத்தின் முன் நின்றவர்களுக்கு மட்டும். தையற்கடை அளவுப் புத்தகங்களிலோ 28, 17½, 23½, 38, 15 என்று ஒருவர் வரியாக நிற்கிறார். அருகில் அவர் துணியின் நறுக்கு குத்தப்பட்டிருக்கிறது. அடுத்த தீபாவளிக்கு அதே பெயரின் கீழ் இடுப்பு ஓரங்குலம் கூடியிருக்கிறது. முனிர்க்காக் கடையில் இத்தகைய புத்தகங்கள் எத்தனை உள்ளன என்று கேட்டேன். நிரம்பியதும் பழைய பேப்பர்காரருக்குப் போய்விடும் என்றார். கையில் இருந்தது இவ்வாண்டின் புத்தகம் ஒன்றே.

கடையை மூடிய தையற்காரர் குடும்பம் எதையேனும் நண்பர்கள் அறிந்திருந்தால், பரணில் அளவுப் புத்தகங்கள் எஞ்சியுள்ளனவா என்று கேட்டுச் சொல்லுங்கள். பெயர்களை மறைத்துப் படியெடுத்துத் திருப்பித் தந்துவிடுவேன்.