வரைபடமும் தச்சரின் கையும்: ஒரு பம்பாய்க் கப்பலின் வரலாறு

மரத்தாலான பாய்மரக் கப்பலின் மாதிரியைக் கட்டுவதற்கென விற்கப்படும் ‘கிட்’ பெட்டியைத் திறப்பவர் கையில் முதலில் அகப்படுவது காகிதமே. பல மடிப்புகளாக மடிக்கப்பட்ட வரைபடத் தாள்களும் எண்ணிட்ட வழிகாட்டிக் குறிப்பேடும் மேலே இருக்கும். அவற்றின் அடியில்தான் லேசர் கொண்டு வெட்டிய ஒட்டுப்பலகைத் துண்டுகள், மெல்லிய மரக்கீற்றுகள், கயிறாக மாறவிருக்கும் நூற்கண்டுகள், மிளகளவேயான கப்பிகள் ஆகியவை இருக்கும். கட்டும் வரிசையும் முன்னரே வகுக்கப்பட்டது. முதலில் ஏரா எனப்படும் அடிமரம். அதன்மேல் குறுக்காக நிறுத்தப்படும் வங்குகள், அதாவது கப்பலின் விலா எலும்புகள். அவற்றின்மீது நீரில் ஊறவைத்து வளைத்த கீற்றுகள். பின்னர் தளம், பாய்மரம், பருமல், கயிறு. காகிதம் முந்துகிறது, மரம் அதைப் பின்தொடர்கிறது.

இவ்வரிசை இயற்கையானது போலவே தோன்றும். ஆயினும் அது ஒரு குறிப்பிட்ட வரலாற்றின் விளைவு. ஒரு கப்பலின் உருவாக்கத்தில் வரைபடத்தின் பங்கு எவ்வளவு, அதனை மரமாக்கிய கைகளின் பங்கு எவ்வளவு என்னும் வினா அவ்வரலாற்றினுள் மறைந்து கிடக்கிறது. அவ்வினாவை எழுப்புவதற்கு ஏற்ற கப்பல் ஒன்று இன்றும் மிதந்துகொண்டிருக்கிறது. 1817ஆம் ஆண்டு பம்பாயில் நீரில் இறக்கப்பட்ட ‘டிரிங்கமாலி’ என்னும் ஃபிரிகேட் வகைப் போர்க்கப்பல் அது.

அதன் பெயரும் வடிவமும் அடுத்தடுத்த இரு நாள்களில் தோன்றியவை. 1782 செப்டம்பர் 3 அன்று திருக்கோணமலைக்கு அப்பால் எட்வர்டு ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பற்படையும் சுஃப்ரனின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. வெற்றி தோல்வி தெளிவாகத் தீராத அப்போரின் நினைவாகவே பிற்காலத்தில் இக்கப்பலுக்குப் பெயர் அமைந்தது. திருக்கோணமலை என்னும் தமிழ் ஊர்ப்பெயர் ஆங்கில நாவில் தேய்ந்து, கப்பலொன்றின் பெயராக உலகைச் சுற்றியது. மறுநாள் செப்டம்பர் 4 அன்று, பல்லாயிரம் கல் தொலைவில் பிரான்சின் பிரித்தானிக் கரைக்கு அப்பால், ஆங்கிலேயரின் ‘ரெயின்போ’ கப்பல் ‘எபே’ என்னும் பிரெஞ்சு ஃபிரிகேட்டைச் சிறைப்பிடித்தது. புகழ்பெற்ற கப்பல் வடிவமைப்பாளர் ழாக்-நோயல் சானே வகுத்த கப்பல் அது.

பிடிபட்ட கப்பலை அளந்து வரைபடமாக்குவது அக்காலக் கடற்படைகளின் வழக்கம். எபேயின் வளைவுகள் காகிதத்தில் ஏற்றப்பட்டன. அவற்றை அடியொற்றி எழுந்த ‘லீடா’ 1800இல் நீரில் இறங்கியது. அதே வரைபடத்திலிருந்து அடுத்த முப்பது ஆண்டுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பிறந்தன. பகைவரின் கப்பல் காகிதமாயிற்று, காகிதம் கப்பற்படையாயிற்று. கிட் பெட்டியின் முன்னோடியை இங்கேயே காணலாம். ஒரு கப்பலின் வடிவத்தை அக்கப்பலிலிருந்து பிரித்தெடுத்து, அதனை ஒருபோதும் கண்டிராத மனிதர்கள் வேறோர் ஊரில் மீண்டும் கட்டலாம் என்னும் கருத்து அன்று நடைமுறையாகிவிட்டது.

அவ்வாறு மீண்டும் கட்டிய ஊர்களில் ஒன்று பம்பாய். சூரத்தைச் சேர்ந்த பார்சித் தச்சர் லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பம்பாய்க்கு வந்தார். 1750இல் அங்கு உலர்துறை அமைந்தது. அவருடைய பேரர் ஜாம்ஷெட்ஜி பொமன்ஜி வாடியா தலைமைக் கட்டுநராக இருந்த காலத்தில், பிரித்தானிய அரசின் கடற்படைக்கே போர்க்கப்பல்கள் பம்பாயில் எழுந்தன. 1810இல் ‘மிண்டன்’, 1813இல் ‘கார்ன்வாலிஸ்’ ஆகியவை அவற்றுள் அடங்கும். முதலாம் அபினிப் போரை முடித்த நான்கிங் உடன்படிக்கை 1842 ஆகஸ்டு 29 அன்று கையெழுத்தானது அந்தக் கார்ன்வாலிஸின் தளத்தில்தான்.

நெப்போலியப் போர்களின் நெருக்கடியில் இங்கிலாந்தில் ஓக் மரம் அருகியபோது, 1812 அக்டோபரில் டிரிங்கமாலியைக் கட்டும் ஆணை பம்பாய்க்குப் பிறந்தது. வரைபடங்கள் ‘ஜாவா’ என்னும் கப்பலில் அனுப்பப்பட்டன. அவை பம்பாயை அடையவே இல்லை. அவ்வாண்டு டிசம்பர் 29 அன்று பிரேசில் கரைக்கு அப்பால் அமெரிக்கக் கப்பல் ‘கான்ஸ்டிட்யூஷன்’ ஜாவாவை வீழ்த்தியது; சிதைந்த ஜாவா பின்னர் எரியூட்டப்பட்டது. மாதிரிக் கப்பல் கட்டுவோர் மிகவும் விரும்பும் கப்பல்களில் ஒன்று கான்ஸ்டிட்யூஷன்; அதன் கிட்டுகள் பல நிறுவனங்களால் பல அளவுகளில் விற்கப்படுகின்றன. அதன் பீரங்கிகளுக்கு இரையானவற்றுள் பம்பாய்க்குச் சென்றுகொண்டிருந்த வரைபடமும் ஒன்று என்பதைப் பெட்டியின் மேலட்டை சொல்வதில்லை.

இரண்டாம் படி அனுப்பப்பட்டது. 1816இல் ஏரா இடப்பட்டது. பார்சி மரபின்படி அதில் ஒரு வெள்ளி ஆணி அறையப்பட்டது. 1817 அக்டோபர் 12 அன்று கப்பல் நீரில் இறங்கியது. பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 45.8 மீட்டர். மாதிரிக் கட்டுநர்கள் வழக்கமாகக் கையாளும் 64இல் ஒரு பங்கு அளவில் அதனைச் சுருக்கினால் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். ஒரு மேசையில் அடங்கிவிடும்.

மேசையில் அடங்காதவை எவை என்று பார்க்க வேண்டும். முதலாவது மரம். வரைபடம் ஓக் மரத்தை மனத்திற்கொண்டு எழுந்தது. பம்பாயில் அது தேக்காயிற்று. ஓக்கின் அமிலம் இரும்பு ஆணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசையோ இரும்பைக் காக்கும். கோடுகள் மாறாதிருக்க, அக்கோடுகளினுள் நிறையும் பொருள் மாறியது. அதனோடு கப்பலின் ஆயுளும் மாறியது. அத்தேக்கு மலபார்க் காடுகளிலிருந்து வந்தது. கடற்படையின் தேவைக்காகவே கம்பெனி 1806இல் கேப்டன் வாட்சனைக் காட்டுப் பாதுகாவலராக நியமித்து, தேக்கின்மீது ஏகபோக உரிமை கோரியது. உள்ளூர் உரிமையாளர்களும் மரவணிகர்களும் காட்டிய எதிர்ப்பினால் 1823இல் அப்பதவி ஒழிக்கப்பட்டது. வெட்டிய இடத்தில் தேக்கு மீண்டும் எழவில்லை என்னும் கவலையே 1840களில் மலபார் ஆட்சியர் கானலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் இடுவதற்குக் காரணமாயிற்று. அதை நட்டு வளர்த்தவர் சாத்து மேனன். கிட் பெட்டியில் மரம் எண்ணிட்ட கீற்றாக வருகிறது; அது எந்தக் காட்டில் யாருடைய உரிமையாக இருந்தது என்னும் வினாவுக்கு அங்கே இடமில்லை.

இரண்டாவது மொழி. வரைபடம் ஆங்கிலத்தில் வந்தது. துறையில் வேலை நடந்தது ஆங்கிலத்தில் அன்று. குஜராத்தி, மராத்தி, கொங்கணி, இந்துஸ்தானி எனப் பல நாவுகள் கலந்த இடம் பம்பாய்த் துறை. இந்தியக் கடலோடிகளான லஸ்கர்களின் பேச்சைப் புரிந்துகொள்ள ஆங்கிலேய அதிகாரிகளுக்கு அகராதியே தேவைப்பட்டது. தாமஸ் ரோபக் தொகுத்த ஆங்கில–இந்துஸ்தானிக் கப்பல் அகராதி 1811இல் கல்கத்தாவில் வெளிவந்தது. கப்பற்சொற்கள் எந்த ஒரு மொழிக்கும் உரியவையாக இருந்ததில்லை. பலகை இடுக்குகளில் பஞ்சும் குங்கிலியமும் அடைக்கும் வேலையைத் தமிழ் கலப்பற்று என்கிறது; போர்த்துகீசியம் அவ்வேலையைச் செய்பவரைக் கலஃபாத்தே என்கிறது; அரபியில் அதன் வினை கல்ஃபத. நங்கூரம் பாரசீக லங்கரோடு உறவுடையது. இச்சொற்களைத் துறைமுகம்தோறும் கொண்டுசென்றவர்கள் உளியும் சுத்தியலும் பிடித்த மனிதர்கள். வரைபடம் கடலில் எரிந்தால் இன்னொரு படி எடுக்கலாம். இச்சொற்களுக்கும் அவை சுட்டும் கைப்பழக்கத்திற்கும் படி இல்லை. அவை ஆளோடு வரும், ஆளோடு போகும்.

மூன்றாவது கட்டும் முறை. ஏரா, வங்கு, பலகை என்னும் கிட்டின் வரிசை ஐரோப்பிய அரசுத் துறைகளின் வரிசை. இந்தியப் பெருங்கடலின் பழைய மரபுகள் பலவற்றில் அது தலைகீழானது. அங்கு முதலில் பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துக் கயிற்றால் தைத்து ஓடாக எழுப்புவர். ஓடு வடிவம் பெற்றபின் அதற்கேற்ப வங்குகளை உள்ளே பொருத்துவர். கேரளத்தின் பேப்பூரில் உருக்களைக் கட்டும் தச்சர்கள் காகித வரைபடமின்றியே பெருங்கலங்களை எழுப்பிப் பெயர்பெற்றவர்கள். இதனைக் கொண்டு ‘ஐரோப்பாவுக்கு வரைபடம், இந்தியாவுக்குக் கை’ என்று எளிய எதிர்நிலையை வகுத்துவிடவும் முடியாது. தமிழகத்தின் பாக் நீரிணைக் கரையோரத்து வத்தைகளில் வங்குகளே முதலில் நிற்கும். அவற்றின் வளைவைத் தச்சர்கள் பலகையில் கீறிய கோடுகளைக் கொண்டு முன்கூட்டியே வகுத்தனர் என்பதை 1990களில் படகுத் தொல்லியலாளர்கள் ஆவணப்படுத்தியுள்ளனர். வரைபடம் இங்கும் இருந்தது. அது காகிதத்தில் இல்லாமல் தச்சுப் பட்டறையின் பலகையில் இருந்தது. பட்டறையை விட்டு வெளியே பயணம் செய்யவில்லை. ஆகவே வேறுபாடு அறிவின் உயர்வு தாழ்வில் இல்லை. எந்த அறிவு ஆவணக் காப்பகத்தைச் சென்றடைந்தது என்பதில்தான் உள்ளது.

காப்பகத்தை அடைந்த அறிவே அதிகாரமாகும் என்பதை வாடியாக்களும் உணர்ந்திருந்தனர். அக்குடும்பத்தைச் சேர்ந்த ஜஹாங்கீர் நவ்ரோஜியும் ஹிர்ஜிபாய் மெர்வான்ஜியும் 1838இல் இங்கிலாந்து சென்று சாத்தம் கப்பல்துறையில் பயின்றனர். தம் அனுபவங்களை 1841இல் லண்டனில் நூலாக வெளியிட்டனர். அதே ஆண்டில் அவர்களுடைய உறவினர் அர்தேசிர் குர்செத்ஜி வாடியா ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்பெருமையைப் பெற்ற முதல் இந்தியர் அவரே. தேக்கைக் கொண்டு உலகப் புகழ்பெற்ற குடும்பம், நீராவியும் இரும்பும் வந்த காலத்தில், வரைமேசையைத் தேடி அதன் ஊருக்கே சென்றது. தலைமைக் கட்டுநரின் பெயர் வரலாற்றில் நின்றது. அவருக்குக் கீழே பலகை இழைத்தவர்களின் பெயர்கள் கப்பலின் கதையில் ஏறவில்லை.

கப்பலோ நிலைத்தது. 1819இல் போர்ட்ஸ்மத்தை அடைந்த டிரிங்கமாலி, போர் ஓய்ந்த காலமாதலால் 1845 வரை பயன்பாடின்றி நிறுத்தி வைக்கப்பட்டது. பின்னர் சில பயணங்கள், பின்னர் பயிற்சிக் கப்பல் வாழ்க்கை. 1897இல் விலைக்கு வாங்கப்பட்டு ‘ஃபூட்ராயன்ட்’ என்று பெயர் மாற்றப்பட்டது. 1986 வரை இளைஞர்களுக்குப் பயிற்சியளித்த பின், ஹார்ட்டில்பூலுக்குக் கொண்டு செல்லப்பட்டு, 1992இல் பழைய பெயரை மீண்டும் பெற்று, 2001இல் புதுப்பிப்பு நிறைவுற்றது. இன்று அதன் உடலில் பாதிக்கும் மேற்பட்டது 1817ஆம் ஆண்டின் மூலத் தேக்கே. அதே லீடா வகையில் மிஞ்சியுள்ள மற்றொரு கப்பல், 1824இல் இங்கிலாந்தின் சாத்தத்தில் நீரில் இறங்கி இன்று டண்டீயில் நிற்கும் ‘யூனிகார்ன்’. அது தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கூரைக்கடியில் கழித்தது; பாய் விரித்துக் கடலோடவே இல்லை. கடலோடிய பம்பாய்க் கப்பல் இருநூறாண்டுகளைக் கடந்து நிற்பதற்கான காரணத்தை வரைபடத்தில் தேடினால் கிடைக்காது. அது மரத்தைத் தெரிந்தெடுத்த கண்ணிலும் இணைத்த கையிலும் உள்ளது.

அவ்வுண்மை மாதிரி கட்டுபவருக்கும் ஓர் இடத்தில் புலப்பட்டே தீரும். கப்பலின் நடுப்பகுதியில் மரக்கீற்றுகள் தாமாகவே அருகருகே படியும். அணியம் எனப்படும் முன்முகப்பை நெருங்கும்போது வளைவு கூடி, பரப்பு குறுகும். ஒவ்வொரு கீற்றையும் அதன் இடத்திற்கேற்பச் சரித்துச் சீவ வேண்டும். எவ்வளவு சீவுவது என்பதைப் பெரும்பாலான கிட்டுகளின் தாள்கள் துல்லியமாகச் சொல்வதில்லை. பொருத்திப் பார்த்து, எடுத்து, மீண்டும் சீவி, மீண்டும் பொருத்துவதைத் தவிர வழியில்லை. 1817இல் மலபார்த் தேக்கைக் கொண்டு பம்பாய்த் தச்சர் ஒருவர் அதே இடத்தில், அதே வளைவின் முன் நின்று, அதையே செய்திருப்பார். அவர் பெயர் தெரியாது. அவர் இழைத்த பலகை இன்னும் நீரில் இருக்கக்கூடும்.